உட்கார வைத்த கைதட்டல்

எங்கள் காலத்தில் மேடையில் பேசுகிறவரைப் பிடிக்கவில்லை என்றால் கல்லெறிய மாட்டோம், கூச்சல் போட மாட்டோம். கைதட்டுவோம். வாயைத் திறக்கும்போதெல்லாம் விடாமல் தட்டினால் மனுஷர் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நான் பி.ஏ. படித்தபோது பலருக்கும் இந்த மரியாதை நடந்தது. நானும் ரசித்துத் தட்டியிருக்கிறேன்.

ஒரு தடவை கல்லூரிப் பேரவைக்கு வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். பெண்களுக்குப் பள்ளிப் படிப்பே போதும், கல்லூரி வேண்டாம் என்று ஊர் ஊராய்ப் பேசி வந்தவர். கல்லூரி முழுக்கத் தேடினாலும் பெண்கள் நாங்கள் ஏழே பேர். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்திருந்ததால், எங்கள் சார்பில் நான் கேட்பதென்று முடிவாயிற்று. அதுவரை அந்த ஹாலில் ஒரு பெண்கூட எழுந்து பேசியதில்லை. திருக்கோகர்ணத்திலிருந்து கல்லூரிவரை ஒரு வாரம் அதே கேள்வியை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஏதோ ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பேச்சாளர் "தலைவர் அவர்களே" என்றதுமே பின்வரிசைப் பையன்கள் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு ஆதரவாம்! அவரை அடுத்த வார்த்தை பேச விடவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேள்வியையாவது கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். பெண்பிள்ளை எழுந்துவிட்ட உற்சாகத்தில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிரின்ஸ்பால் பயந்துபோய் தேசிய கீதத்துக்குச் சைகை காட்ட, எல்லோரும் விறைப்பாக நின்றோம். அத்தோடு கூட்டம் முடிந்தது.

விடுவேனா? காரில் ஏறப் போனவரை வழிமறித்தேன். "ஐயா, ஒங்க வீட்டுப் பிரசவத்துக்கு லேடி டாக்டரைக் கூப்பிட்டீங்களா? காலேஜுக்குப் போகாம அவங்க எப்படிங்க டாக்டர் ஆனாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "என் மூணு பிள்ளைகளும் லேடி டாக்டர் கையிலதாம்மா பொறந்துச்சு. இதை மேடையில கேட்டிருந்தா திருதிருன்னு முழிச்சிருப்பேன். நல்லவேளை, பசங்க காப்பாத்திட்டாங்க."

கார் போனதும், தட்டலைத் தொடங்கி வைத்த சீனியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா, ஆளை எப்படி உக்கார வச்சோம்!"

"ஆமாண்ணே" என்றேன். "ரொம்பப் பத்திரமா உக்கார வச்சீங்க."