கல்லுச்சாமியின் பாஷை

முப்பத்தாறு வருடம் லத்தீன் படிப்பித்தேன் என்று சொன்னால், ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முதலில் சிரிப்பார். பிறகு, "அது யாரு பேசுற பாஷைங்க?" என்று கேட்பார். இப்போது யாரும் பேசுவதில்லை என்பேன். மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பாவம், அவர் என்ன செய்வார்? அதே கேள்வியை நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், மாதாவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். சாமியாராகட்டும் என்று குருமடத்தில் சேர்த்தார்கள். நான் சாமியாராகவில்லை, லத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதே குருமடத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். கொழுந்து பறித்துப் பறித்து விரல் கறுத்துப்போன என் அம்மா, கடைசிவரை கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் பாஷையில நீ பேசுனா யாருடா பதில் சொல்லுவா?"

வகுப்பில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. இருப்பதை வாசி, இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைப்பதை வாசிக்காதே. அந்தச் சட்டத்துக்காக எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன், ஆண்டவருக்குத்தான் தெரியும். நான் ஓய்வு பெற்ற வருடமே லத்தீன் வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள். புத்தகங்களை ஒரு பெட்டியில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். இவ்வளவுதானா என் பிழைப்பு என்று இருந்தது.

போன வருடம் தங்கச்சி போனில் கோல் எடுத்தாள். அவள் பிறந்த தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டு, இன்னும் கொழுந்து பறிப்பவள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வழியில் பொட்டும் வைத்துக்கொண்டாள், மாதாவையும் விடவில்லை.

"அண்ணே, ஒங்க பாஷைக்கு ஒரு வழியா வேல வந்திருக்கு" என்றாள்.

தோட்டத்து மேல்மலையில் ஒரு கல் உண்டு. கல்லுச்சாமி என்பார்கள். அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க ஏறும் பெண்கள், முதல் கொழுந்தைக் கிள்ளி அதன் தலையில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். வேதக்காரியான என் அம்மாவும் வைத்தவள்தான். குளவிக்கும் சிறுத்தைக்கும் அந்தச் சாமிதான் காவல். மற்ற மலைகளில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே அப்படி நடந்ததே இல்லை என்று சத்தியம் பண்ணுவார்கள். அந்தக் கல்லுக்குத் தகரக் கூரை போட்டுச் சின்னக் கோயிலாகக் கட்டப் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். கழுவிப் பாசியைச் சுரண்டியபோது உள்ளே எழுத்து தெரிந்ததாம். தோட்டத்துப் பள்ளிக்கூட இங்கிலீஷ் டீச்சர் வந்து பார்த்துவிட்டு, எழுத்துத்தான் இங்கிலீஷ், பாஷை வேறு என்று சொல்லிவிட்டாராம்.

"போர்டுல சாமி பேர எழுதணும். வந்து வாசிச்சுச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். தங்கச்சி முன்னால் விறுவிறுவென்று ஏற, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். மேலே இருபது பெண்களாவது காத்திருந்தார்கள். கல்லுக்குக் குங்குமம் பூசி மாலை போட்டிருந்தார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியை மனதுக்குள் வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசித்தேன்.

அது ஒரு நாயின் கல்லறை. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் வளர்ப்பு நாயைப் புதைத்து மேலே லத்தீனில் எழுதி நட்ட கல். அதற்குத்தான் இத்தனை காலமும் முதல் கொழுந்து வைத்திருக்கிறார்கள், என் அம்மா உட்பட.

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முனியாண்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னைப் பிடிக்க அந்த மலையில் ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால் பக்கத்துத் தோட்டமெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும். அதுகூடப் பரவாயில்லை. நாளைக்குக் காலையில் குளவிக் கூட்டுக்குக் கீழே கையை நீட்டும்போது இந்தப் பெண்கள் யாரை நம்பி நீட்டுவார்கள்? ஆனால் நான் திருகிய காதுகள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னண்ணே பேச்சையே காணோம்? கெட்டதா ஏதும் எழுதியிருக்கா?"

"இது சாமி இல்லம்மா. ஒரு தொரை தன்னோட நாயப் பொதச்ச எடம்."

எல்லோரிலும் மூத்தவராகத் தெரிந்த ஓர் அம்மா, "ஆத்தாடி, நாயவா கும்பிட்டோம்?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

தங்கச்சி மட்டும் அசையவில்லை. "முழுசா வாசிங்க" என்றாள்.

வாசித்து, தமிழில் சொன்னேன். "'இங்க தூங்குறது என்னோட நாய். பதினொரு வருஷம் என் வாசலக் காத்துச்சு. சிறுத்த வந்த அன்னைக்கும் வாசல விட்டு ஓடல. இந்தப் பக்கமாப் போறவங்களே, மெதுவா நடங்க. அதுக்குக் காது கூர்ம.' இவ்வளவுதான்."

"சிறுத்த வந்தப்பவும் ஓடலயா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ஓடலன்னுதான் எழுதியிருக்கு."

அவள் கல்லின் தலையைத் தடவினாள். "அப்பறம் என்ன? நாங்க கேட்டதும் காவல்தானே? தொரை கப்பலேறிப் போயிட்டான். இது போகலயே. இங்கனயேதானே கெடக்கு."

தரையில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினார். "அடிப்பாவிகளா, இத்தன வருஷமா தேங்காயும் பழமும் வச்சோமே. நாய்க்கு ஒரு துண்டு கருவாடு வச்சமா?"

குபீரென்று சிரிப்பு கிளம்பியது. சிரித்துக்கொண்டே ஒருத்தி பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்துக் கல்லுக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். இவர்கள் நொறுங்கிப்போவார்கள் என்று பயந்தேனே, நான் என்ன மடையன்! நான் சொன்ன உண்மையை அவர்கள் அந்த இடத்திலேயே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு மாணவர் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

"அண்ணே," என்றாள் தங்கச்சி. "நாங்க இத்தன காலமும் தமிழ்லயே கூப்பிட்டோம். அதுக்கு வெளங்குச்சோ என்னமோ. அதோட பாஷையில நீங்க ஒருக்காக் கூப்பிடுங்க."

நாய்க்கு ஏது லத்தீன், அது அந்தத் துரைக்கே தாய்மொழி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்காவது எனக்குள் இருந்த வாத்தியார் வாயை மூடிக்கொண்டார்.

எழுந்து நின்று முதல் வரியை லத்தீனில் வாசித்தேன். குரல் தணிந்துதான் வந்தது. யாரும் கேட்காத பாஷையைப் பேசிப் பேசியே பழகிப்போன குரல் அது.

"சத்தமாண்ணே," என்றாள் தங்கச்சி. "பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாக வாசித்தேன். வரி முடிந்ததும் இருபது பெண்களும் கைகூப்பி, "சாமீ!" என்று பதில் சொன்னார்கள்.