கப்பலில் ஏறிய காய்கள்

ஒரு மனிதர் மூன்று நாள் ஆற்றில் வந்து, இரண்டு விமானம் மாறி, கடைசியில் ரயிலும் ஏறி, எங்கள் ஊருக்கு ஒரேயொரு சேதி சொல்ல வந்தார். அந்தச் சேதியை ஊராருக்கு எடுத்துச் சொன்னவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவருடைய மொழியில் எனக்குத் தெரிந்தவை மொத்தம் நான்கு சொற்கள். அவற்றில் ஒன்று பிழை, இன்னொன்று அரைப் பிழை.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது யாழ்ப்பாணத்தில் இல்லை. சுவிஸில், ஓல்டனுக்கும் பீலுக்கும் நடுவே, யூரா மலையடிவாரத்தில், மாட்டுக் கழுத்துமணியும் தேவாலய மணியும் தவிர வேறு சத்தம் கேளாத ஒரு சின்ன ஊர். எண்பதுகளின் நடுப்பகுதியில் அங்கே தமிழர் என்று இருந்தது எங்கள் வீட்டு மூன்று பேர்தான். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எங்களைப் போதகர் வீட்டு மேல்தளத்தில் இரண்டு அறைகளில் குடிவைத்திருந்தார்கள். அப்பா ஊர் உணவுவிடுதியில் கோப்பை கழுவினார். அம்மா யன்னலோரம் இருந்து தபால்காரர் வருகிறாரா என்று பார்த்தார்.

அந்த நாட்களில் அப்பாவுக்கு உலகத்தில் ஒரே எதிரி, விசாரணையில் அவருக்கு மொழிபெயர்த்த மனிதர். “வீட்டை பெடியள் வந்து போனவங்கள், பிறகு ஆமி வந்தது” என்று அப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பெடியள் என்றால் துவக்கோடு திரியும் இயக்கக்காரர் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மொழிபெயர்த்தவர் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழர். அவர் சொல்லைச் சொல்லாக எடுத்து, வீட்டுக்குச் சிறுவர்கள் வந்துபோவது வழக்கம் என்று எழுதவைத்துவிட்டார். சிறுவர்கள் விளையாட வரும் வீட்டுக்கு இராணுவம் ஏன் வரவேண்டும் என்று அதிகாரி கேட்டபோது அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அந்த ஒரு சொல்லால்தான் எங்கள் அலுவல் படுத்துவிட்டது என்பது அவருடைய முடிவு. காலையில் பல் விளக்கும்போதே அந்த மனிதரைத் திட்டத் தொடங்கிவிடுவார்.

மற்றபடி அப்பா மிகவும் சாந்தமானவர். எங்களுக்கு அவர் வைத்த சட்டமும் ஒன்றுதான். “என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு. இல்லை எண்ட சொல் இந்த ஊரிலை எங்கட வாயிலை வரப்படாது.” இந்தச் சட்டத்தினால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உருக்கிய சீஸ் சாப்பிட்டார். சங்கீதம் தெரியாத அப்பா ஊர்ப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று வாயசைத்தார். நானும் யார் எதைக் கேட்டாலும் ‘யா, யா’ என்று தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவாலய மண்டபத்தில் கூட்டம். இந்தோனேசியாவில், போர்னியோக் காட்டுக்குள், ஆற்றின் தலைப்பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் வருகிறார், தன் கிராமம் எப்படி வாழ்கிறது, இனி எப்படி வாழப்போகிறது என்று சொல்வார் என்று போதகரின் மனைவி வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அவரைக் கூட்டிவருபவர் அங்கே பல வருடம் வேலை செய்த தாடிக்கார இளைஞர். படங்களும் கடதாசிகளும் அந்த இளைஞரின் பையில் இருந்தன, மொழியும் அவர் வாயில்தான் இருந்தது. ஓல்டனில் ரயில் மாறும்போது விருந்தாளியை இருக்கையில் இருத்திவிட்டுத் தொலைபேசியில் கதைக்க இறங்கியிருக்கிறார். சுவிஸ் ரயில் பெற்ற தாய்க்கும் காத்திருக்காது. அடுத்த ரயில் இரண்டு மணித்தியாலம் கழித்து.

அதனால் ஊர்ப் பெயர் எழுதிய துண்டுக் கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் தனியாக வந்து சேர்ந்தார். அப்பாவை விடக் கட்டை. யாரோ கொடுத்த குளிர்மேலங்கி கணுக்கால்வரை தொங்கியது. காதுச் சோணைகள் துளை பெருத்து நீண்டு, தலையைத் திருப்பும்போது ஆடின. நான் அந்தக் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது எழுபது பேர் நிறைந்த மண்டபத்தில் அவருக்குக் கூச்சமே இல்லை. சாப்பாட்டு மேசையில் பின்னல் போட்ட ஞாயிற்றுக்கிழமைப் பாணைக் கண்டதும் முகம் மலர்ந்து, “ரொட்டி!” என்றார்.

நான் துள்ளிவிட்டேன். பாணைத்தான் சொல்கிறார் என்று ஜெர்மனில் உரக்கச் சொன்னேன். போதகரின் மனைவி என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். உனக்கு இவர் மொழி தெரியுமா? நீங்களும் அந்தப் பக்கம்தானே? கூட்டத்துக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை, நீ எடுத்துச் சொல்வாயா?

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். “ஓம் எண்டு சொல்லு பிள்ளை,” என்றார் அப்பா. அம்மா அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். “மலாயாவிலை எங்கட பெரியப்பா ஆக்கள் இருந்தவை. அந்தப் பாஷை எங்கட மாதிரித்தானாம்.” பெரியப்பா மலாயாவில் ரயில் கந்தோரில் வேலைக்கு இருந்தவர். அம்மா அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

நான் ‘யா’ என்றேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் என்னை ஏற்றி நிறுத்தினார்கள்.

அவர் முதலில் பேசவேயில்லை. மேசையில் ஒரு விரலால் தட்டினார். பிறகு இரண்டு விரல், பிறகு பத்து விரலும், பிறகு உள்ளங்கைகள். மழை வந்தது. தூரத்தில் தொடங்கி, இலைக்கு இலை தாவி, எங்கள் தலைக்கு மேல் வந்து கொட்டி, மெல்லப் போய்விட்டது. வெளியே நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தும் ஒரு கிழவி எழும்பி யன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

பிறகு மேடையிலிருந்து வாசல்வரை நீளமாக நடந்தார். ஒவ்வொரு நாலு அடிக்கும் நின்று, கையால் ஒரு கதவைத் திறந்து மூடினார். திரும்பி வந்து கைகளைக் கூரைபோல் மேலே கூட்டிக் காட்டினார். முழுக் கிராமமும் ஒரே கூரையின் கீழ், ஒரே நீள வீட்டில்! அதைச் சொல்ல எனக்கு மொழி தேவைப்படவில்லை. எங்கள் மூன்று பேருக்கு இரண்டு அறை, அதிலும் இரவல். ஒரு ஊர் முழுக்க ஒன்றாகப் படுத்து எழும்பும் வீட்டை நினைக்க எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அடுத்து, முன்வரிசையில் இருந்தவர்களைக் கைபிடித்து எழுப்பினார். போதகர், தபால்காரர், பால்பண்ணைக்காரர், போதகரின் மனைவி, அப்பா, அம்மா என்று எட்டுப் பேரை வட்டமாக நிறுத்திக் கைகோக்க வைத்தார். அம்மா முகம் சிவந்து சிரித்தார். விருந்தாளி வட்டத்துக்கு வெளியே நின்று, உள்ளே இருந்ததைத் தலை நிமிர்த்திப் பார்த்தார். மேலே, இன்னும் மேலே. மண்டபமே அவரோடு சேர்ந்து நிமிர்ந்து பார்த்தது. அது ஒரு மரம் என்று நான் சொல்லுமுன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எட்டுப் பேர் கட்டிப்பிடிக்க வேண்டிய மரம். அங்கே மரம் இல்லை என்பதை மறந்துபோய் நான் அதன் உச்சியைத் தேடினேன். என் வாழ்க்கையில் அதைவிட உயரமான எதையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் பேசத் தொடங்கினார். வேகமாக, மூச்சுவிடாமல். ‘ர்ர்ர்ர்’ என்று தொண்டையால் ஒரு சத்தம். உயர்த்திய கை ஒன்று மெல்லச் சரிந்து கீழே விழுந்தது. “காயு” என்றார். திரும்பத் திரும்பக் காயு, காயு. பிறகு ஆற்றின் வளைவு, அதன் முடிவில் “கப்பல்”. எங்கள் கப்பலேதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

எனக்கு எல்லாம் பளிச்சென்று பொருந்தியது. மரத்திலிருந்து விழுவது காய். அதைத்தான் கடைசியில் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறார். ‘ர்ர்ர்’ என்பது வள்ளத்தின் எஞ்சின், பருத்தித்துறைக் கடலில் கேட்ட அதே சத்தம். காய்களை வள்ளத்தில் ஏற்றி ஆற்றால் கொண்டுபோய்க் கப்பலில் போடுகிறார்கள். நான் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே போனேன். எவ்வளவு பெரிய மரம், அப்படியானால் எவ்வளவு பெரிய காய் என்று கையை விரித்துக் காட்டி, ஒரு கடி கடித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்வரிசையில் ஒரு கை எழும்பியது. மலையில் மரம் தறிக்கும் கிழவர். மண்டபத்தில் யாரோடும் அதிகம் கதைக்காதவர். அது எஞ்சின் வாளின் சத்தம்போல அல்லவா இருக்கிறது, மரம் அரியும் எஞ்சின், என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

‘இல்லை,’ என்றேன் நான். ‘அது வள்ளம்.’

அந்த ஊரில் நான் சொன்ன முதல் ‘இல்லை’ அதுதான். சொன்னதும் பயந்து அப்பாவைப் பார்த்தேன். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். கிழவர் கையைக் கீழே போட்டுவிட்டார்.

விருந்தாளி தன் இடுப்பளவில் கை வைத்தார், நெஞ்சளவில் வைத்தார், தோளளவுக்கு வந்ததும் தூரத்தைக் காட்டிக் “கூலி” என்றார். வளர்ந்த பெடியன்களுக்கெல்லாம் அங்கே கூலி கிடைக்கிறது என்றேன். கடைசியாக இரண்டு வெறுங்கைகளையும் எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். கண்கள் ஈரமாயிருந்தன. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். ‘எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது,’ என்றேன்.

மண்டபம் கைதட்டியது. காட்டுக்குள்ளும் முன்னேற்றம் வந்துவிட்டதைக் கேட்க நிறைவாயிருக்கிறது என்று போதகரின் மனைவி முடித்துவைத்தார். எல்லோரும் கோப்பிக்கு எழும்பினார்கள். விருந்தாளி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, கைதட்டிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடித்துக் காட்டியதைப்போலவே தன் கையை வாயருகே கொண்டுபோய், கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினார். நான் ‘யா, காய்’ என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த நீள வாங்கிலில் தட்டினார். “காயு.” மேசையில் தட்டினார். “காயு.” குனிந்து பலகைத் தரையில் தட்டினார். நானும் விளையாட்டென்று எண்ணிச் சிரித்துக்கொண்டு தட்டினேன், கதிரையிலே, அலமாரியிலே, பலகைச் சுவரிலே. மூன்றாவது தட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. காயு என்றால் காய் இல்லை. மரம்.

அந்த நேரத்தில் அப்பா பின்னால் வந்து என் தலையைத் தடவினார். கோப்பையோடு நின்ற ஆட்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை இந்த நாட்டிலிருந்து அனுப்புவதா, நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதுகிறோம் என்று போதகரின் மனைவி சொன்னார். அதை நானே அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் பிழையில்லாமல். “பாத்தியே, மொழிபெயர்ப்பு எண்டா இப்பிடி இருக்கோணும்,” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். “அண்டைக்கு அந்த ஆளுக்குப் பதிலா இவள் இருந்திருக்கோணும்.”

மரம் தறிக்கும் கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன். ஓடிப்போய் அவரிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

தாடிக்கார இளைஞர் பையைத் தூக்கிக்கொண்டு வியர்த்து ஓடிவந்தபோது மண்டபம் காலியாகியிருந்தது. இருவரும் தங்கள் மொழியில் கதைத்தார்கள். இளைஞர் பதறிப்பதறி ஏதோ கேட்டார். விருந்தாளி என்னையும், என் தோளில் இருந்த அப்பாவின் கையையும் பார்த்தார். பிறகு சுருக்கமாகப் பதில் சொன்னார். இளைஞர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நீ நன்றாகச் சொன்னாயாம், அவர் சொல்கிறார்.

கடிதம் போனது. எங்களுக்கு அனுமதி கிடைக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. அந்தக் கடிதம்தான் காரணம் என்று அப்பா கடைசிவரை நம்பினார். நான் ஒருநாளும் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. காலையில் பல் விளக்கும்போது அந்த மொழிபெயர்ப்பாளரை அவர் திட்டுகிற போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இருபது வருடம் கழித்து வின்டர்தூரில் புது வீட்டுக்குக் கதவு பார்க்கப் போனேன். சிவப்பேறிய, கனத்த, அழகான கதவு ஒன்றில், போர்னியோவிலிருந்து வந்த அந்த மரத்தின் பெயர் ஒட்டியிருந்தது. மெரந்தி. அந்தச் சொல் எனக்கு முன்பே தெரியும். அந்த விருந்தாளியின் மொழியில் கதவுக்கு அதுதான் சொல் என்று அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அன்று கடைசியாக மண்டபத்தை விட்டுப் புறப்பட்டபோது, அந்த வருடம்தான் போட்ட புதுக் கதவருகே அவர் நின்றுவிட்டார். மற்றவற்றில் தட்டியதுபோல அதில் தட்டவில்லை. காயு என்றும் சொல்லவில்லை. உள்ளங்கையை வைத்தார். குனிந்து மூக்கை வைத்து மணந்தார். “மெரந்தி,” என்றார் மெதுவாக, ஒரு தெரிந்த ஆளைக் கூப்பிடுவதுபோல. அவருக்குத் திறக்கத் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, நான் முந்திப் போய்க் கைபிடியைத் திருப்பிக் கதவை அகலத் திறந்து பிடித்தேன். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்காமல் ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.