வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்

சிங்கப்பூரில் அறுபத்தைந்து வயதானால், கார் ஓட்டும் லைசென்ஸைத் தக்கவைத்துக்கொள்ள டாக்டரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, இவர் ஓட்டலாம் என்று அவர் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வயது நெருங்கிக்கொண்டிருக்கிறது. கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று எங்கள் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் சொன்னேன். என் மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே பதில் சொன்னான்.

"உங்களுக்கு எதுக்கும்மா அது? நீங்கதான் இப்ப ஓட்றதே இல்லையே லா. விட்ருங்க. அப்பா இருக்காங்கல்ல, பிரான்ஸ்லயே ஓட்டுனவங்க."

என் கணவர் அங்கேதான் இருந்தார். ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். "இல்லப்பா, அங்க ஓட்டினது உங்கம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவர் அப்பளத்தை நொறுக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை எழுதும்போதும் அடங்கவில்லை. அந்தக் காரை ஓட்டியது நான். ஸ்டேஷனில் சாவி வாங்கியதிலிருந்து திரும்பி வந்து சாவியைக் கொடுத்தது வரை நான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு மூச்சு வரும்.

எங்களுக்குக் கேட்டரிங் தொழில் இருந்தது. கல்யாண வீடுகளுக்கும் கிராஞ்சிப் பக்கம் இருக்கும் தொழிலாளர் விடுதிகளுக்கும் சாப்பாடு போகும். கியர் வைத்த வேன். அதை ஓட்டியது நான். பின்னால் சாம்பார் அண்டா தளும்பாமல், தேக்கா மார்க்கெட் சந்துகளில் லாரிகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்துப் பழகிய கை இது. என் கணவர் ஆபீஸ் வேலைக்காரர். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டார், அதுவும் ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும். இங்கே அதற்கு லைசென்ஸே தனி. கியர் வண்டியை அவர் தொடக்கூடாது. இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொழிலைக் கைமாற்றிவிட்ட பிறகு, பிரான்ஸ் போகலாம் என்றார். பாரிஸ் இல்லை, தென்மேற்கில் தொர்தோன் ஆற்றங்கரைக் கிராமங்கள். பழைய கோட்டைகள் என்றால் அவருக்கு உயிர். எனக்கு ஆறு பார்க்க வேண்டும். சிமெண்ட் கரை இல்லாத, வேலி இல்லாத, இறங்காதே என்று பலகை இல்லாத ஆறு. இரண்டு பேரும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துக்கொண்டோம். "உனக்கு எதுக்கு?" என்று அப்போதே கேட்டார். இருக்கட்டும் என்று எடுத்தேன்.

அங்கே ரயிலை விட்டு இறங்கி, கார் வாடகைக் கவுண்டருக்குப் போனோம். அவர் பதிவு செய்திருந்தது ஆட்டோமேட்டிக். கவுண்டரில் இருந்த பெண் தோளைக் குலுக்கி, இருப்பது இதுதான் என்று ஒரு சின்ன சாம்பல் நிறக் காரைக் காட்டினாள். கியர் வண்டி. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டாக்ஸி கிடைக்குமான்னு கேக்கவா?" என்றார்.

"கோட்டைக்குக் கோட்டை டாக்ஸியா? சாவியக் குடுங்க," என்றேன்.

நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். அங்கே இடது பக்கம். கியரை வலது கையால் போட வேண்டும். என் இடது கைக்கு அது புரியவேயில்லை. பழக்க தோஷத்தில் கியரைத் தேடிக் கதவிலேயே இடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் விரல் முட்டியெல்லாம் சிவந்துவிட்டது. ரவுண்டானாவை நாம் சுற்றுவதற்கு நேர் எதிராகச் சுற்ற வேண்டும். கிராமங்களில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவனுக்கு நாம்தான் வழி விட வேண்டும், அவன் பால் டின் ஏற்றிய டிராக்டராக இருந்தாலும் சரி. இரண்டாம் நாள் எனக்குக் கை வந்துவிட்டது. கிராஞ்சி ரோடு மாதிரியே ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வால்நட் தோப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ரோடு. திடீரென்று பாறை உச்சியில் ஒரு கோட்டை, கீழே தேன் நிறக் கல் வீடுகள், அதற்கும் கீழே ஆறு. அக்கரையில் பார்த்தால் இன்னொரு கோட்டை. ஒரு காலத்தில் இதில் ஆங்கிலேயர்களும் அதில் பிரெஞ்சுக்காரர்களுமாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்களாம். நடுவில் ஆறு யார் பக்கமும் பேசாமல் போய்க்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி முழங்கால் வரை நின்றேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. யாரும் விசில் ஊதவில்லை.

ஒரு கோட்டையில் சமையலறையைக் காட்டினார்கள். ஆள் நிற்கும் அளவுக்கு அடுப்பு. கொக்கியில் ஓர் இரும்பு அண்டா. எங்கள் வேனில் ஏறாத அளவுக்குப் பெரியது. அதை நெருப்பிலிருந்து இறக்கியது யார் என்று பலகையைப் படித்துக் காட்டச் சொன்னேன். என் கணவர் மேலிருந்து கீழ் வரை படித்தார். யார் கோட்டையைப் பிடித்தார், யார் திருப்பிப் பிடித்தார் என்று இருந்தது. சமைத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது, சொன்னேன். அவர் சிரித்தார்.

அடுத்த நாள்தான் அந்த வளைவு. போன் காட்டிய வழியில் போய் ஒரு கிராமத்துக்குள் ஏறிவிட்டோம். சந்து குறுகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு கல் வளைவு. குதிரைக்காரன் நுழையக் கட்டிய வாசல் அது. கார் பாதி நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு கைகூட நுழையாது. எதிரே படிக்கட்டு. பின்னால் செங்குத்தான இறக்கம், அதில் ஒரு திருப்பம் வேறு. என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்று சொல்ல ஆரம்பித்தார்.

"முருகன் வந்து ஸ்டியரிங் பிடிக்க மாட்டார். கண்ணாடிய மடக்குங்க," என்றேன்.

அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை மடக்கினார், நான் என் பக்கத்தை. கிளட்சைப் பாதி விட்டு, இஞ்ச் இஞ்சாகப் பின்னால் எடுத்தேன். கருகல் வாசனை வந்தது. வளைவுக்கு வெளியே வந்ததும் அவர் இறங்கிப் பின்னால் நின்று கையைக் காட்டினார். ஒரு வீட்டிலிருந்து ஏப்ரன் கட்டிய ஓர் அம்மா வந்து, சுவரோரம் இருந்த பூந்தொட்டியை நகர்த்திவிட்டு நின்று பார்த்தார். கார் சமதரைக்கு வந்ததும் என் ஜன்னல் அருகே வந்து என் தோளைத் தட்டினார். என் தோளை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். என் கணவர் ரொட்டியைப் பிய்த்து, சீஸ் வைத்து என்னிடம் நீட்டினார். "நீ இல்லன்னா நான் ஸ்டேஷனையே தாண்டியிருக்க மாட்டேன்," என்றார். "இந்த ஊரெல்லாம் எனக்குக் காட்டுனது நீதான்." சுற்றிலும் வாத்துகளைத் தவிர யாரும் இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நல்ல மனுஷனைத்தான் கட்டியிருக்கிறோம் என்று நினைத்தேன்.

கடைசி நாள் ஒரு கோட்டை வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது, வழியில் போன ஒருவரிடம் போனைக் கொடுத்து எங்களைப் படம் எடுக்கச் சொன்னார். முன்னாலிருந்து எடுத்த படம். கோட்டைச் சுவரின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து ஸ்டியரிங் தெரியவில்லை, எங்கள் முகங்கள் மட்டும். காரின் இடது பக்கம் நான், வலது பக்கம் அவர். ஜன்னலில் முழங்கையை வேறு வைத்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க்காரர் எவர் பார்த்தாலும், வலது பக்கம் இருப்பவர்தான் ஓட்டுகிறார் என்று நினைப்பார். நினைத்தார்கள்.

குடும்ப வாட்ஸாப் குழுவில் படம் போனதும் என் நாத்தனார் எழுதினாள்: "அண்ணன் பிரான்ஸ்லயே கலக்குறாங்க." என் கணவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். அவ்வளவுதான். பொய் அங்கே முளைத்தது.

திரும்பி வந்த பிறகு அது வளர்ந்தது. கேலாங் சிவன் கோயிலில் தெரிந்தவர்களிடம் முதல் தடவை சொன்னபோது காரை யாருமே ஓட்டவில்லை. கார் போனது, கார் மாட்டியது, கார் தானாகவே வெளியே வந்தது. அவருக்குக் கூச்சமாக இருக்கும், போகட்டும் என்று விட்டேன். அடுத்த தடவை ஒரு பிறந்தநாள் விருந்தில் அவர் கையால் காற்றில் கியர் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னதுலா. அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நடுவுல நிறுத்தித் திருத்திக்கிட்டா இருக்க முடியும்?" என்றார்.

ஏன் முடியாது? வாயில் கொழுக்கட்டையா? ஆனால் நாலு பேர் முன்னால் நானே புருஷனை விட்டுக்கொடுப்பதா என்று வளர்ந்த வளர்ப்பு என்னைத் தடுத்தது. அந்த வளர்ப்பின் மேலும் எனக்கு இப்போது கோபம்தான். அவர் சொன்ன கதை விருந்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அது என் வீட்டு மேசைக்கே வந்து, என் லைசென்ஸை விட்டுவிடு என்று என் மகன் வாயால் சொன்னது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு வாழையிலைக் கடையில் நாத்தனார் எல்லாருக்கும் சாப்பாடு போட்டாள். மகன்தான் எங்களைக் காரில் கூட்டிப்போனான். மீன் தலைக் கறி வந்ததும் நாத்தனாரின் வீட்டுக்காரர் கேட்டார், "மச்சான், அந்த வளைவுக் கதையைச் சொல்லுங்க." என் கணவர் என்னைப் பார்க்காமல் ஆரம்பித்தார். கண்ணாடியை மடக்கினாராம். கிளட்சைப் பாதி விட்டாராம். ஏப்ரன் அம்மா வந்து அவர் தோளைத் தட்டினாராம்.

"அண்ணி என்ன பண்ணீங்க?" என்று நாத்தனார் என்னைக் கேட்டாள்.

"இவளா? கண்ண மூடிக்கிட்டு முருகா முருகான்னா," என்றார் என் கணவர்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். கையில் பிசைந்த சோற்றை அப்படியே இலையில் வைத்தேன்.

"தம்பி," என்றேன் மகனிடம். "பிரான்ஸ்ல ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்மா. ஏன்?"

"அந்தப் படத்த எடுத்துப் பாரு. காரோட இடது பக்கம் யாரு?"

அவன் இடது கையால் போனைத் தடவி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு அவன் அப்பாவைப் பார்த்தான். நாத்தனார் எட்டிப் பார்த்தாள். என் கணவர் மீன் முள்ளை மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னது கிடக்கட்டும்," என்றேன். "நீங்க எப்படி நம்புனீங்க? அவருக்குக் கியர் வண்டி ஓட்ட லைசென்ஸே கிடையாது, எல்லாருக்கும் தெரியும்." என்று நாத்தனார் பக்கம் திரும்பினேன். "உன் கல்யாணத்துக்குச் சாப்பாடு ஏத்திட்டு வந்தது யாரும்மா? நீ ஸ்கூலுக்கு எந்த வேன்ல போன தம்பி? யார் ஓட்டினா? ஒரு படத்தப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சா?"

"சாரிம்மா," என்றான் மகன். நாத்தனார் தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

என் கணவர் பக்கம் திரும்பினேன். "ஆத்தங்கரையில எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. அத இங்க சொல்லுங்க."

"எல்லாரும் இருக்காங்கல்ல," என்றார் மெதுவாக.

"அதுக்குத்தான்."

அவர் மீன் முள்ளை இலையோரம் ஒதுக்கி வைத்தார். பிறகு இலைக்கே சொல்வதுபோல் உதட்டை அசைத்தார். ரசம் ஊற்ற வந்தவர் அவருக்கும் எங்களுக்கும் நடுவே குனிந்தார்.

"என்னண்ணே சொன்னீங்க?" என்றாள் நாத்தனார்.

"எனக்கும் கேக்கல," என்றேன். "சத்தமா சொல்லுங்க."

சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னார். நான் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, மகனிடம் கார் சாவியைக் கேட்டேன்.