கிள்ளான் ஏரியில் சூசன் இறக்கிய நீர்மூழ்கி

ஸ்ரீ கெம்பாங்கானில் தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சூசன் இருபத்திரண்டு வருடம் ஒரே வேலையைப் பார்த்தாள். செய்து முடித்த பம்புக்குள் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் பம்பு திரும்பிப் போகும். வராவிட்டால் காகிதத்தில் கையெழுத்து. பத்து விநாடி பார்த்தால் போதும் என்று கம்பெனி சொன்னது. சூசன் முப்பது வரை எண்ணுவாள். "சில குமிழிக்கு வெட்கம் ஜாஸ்தி. லேட்டாத்தான் வெளிய வரும்" என்பாள்.

ஐம்பத்தாறாவது வயதில் அந்த வேலை போயிற்று. ஒருநாள் காலையில் நாற்பது பம்புகளில் பதினொன்று குமிழி விட்டன. புதிதாக வந்திறங்கிய ரப்பர் வளையங்கள் மட்டமான சரக்கு. வாசலில் லோரி காத்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் சுகுமாறன் காகிதத்தை நீட்டினார்.

"சைன் பண்ணுங்க சூசன். பொட்டுக் குமிழிதானே."

"பொட்டோ பூசணிக்காயோ, ஓட்டை ஓட்டைதான் சார். நான் போட மாட்டேன்."

"போடலன்னா நாளைக்கு வர வேணாம்."

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு?"

கையுறைகளைக் கழற்றித் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு, பதினோரு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்தப் பம்புகள் என்ன ஆயின என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

சூசனின் அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த சூசன், குவார்ட்டர்ஸ் இடிபட்ட பிறகும் வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. அங்கேயே ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், மனைவியை இழந்த தம்பி ஐவனோடு இருந்தாள். ஐவன் செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். சூசன் இருபத்தெட்டு வயதில் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

வேலை போனது தெரிந்ததும் சர்ச்சில் ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். "உங்களுக்காக பிரேயர் பண்றோம்" என்றார்கள். "வேலை என்னை விடல ஆன்டி. நான்தான் அதை விட்டேன். பிரேயரைக் கொஞ்சம் மாத்திப் பண்ணுங்க" என்றாள் சூசன்.

ஒரு மாலையில் ஐவனின் கைப்பேசியில் எதையோ தேடப்போய், பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் படத்தைப் பார்த்தாள். 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை விலைக்கு வாங்கிய 'ஹாலண்ட்'. ஐம்பத்து மூன்று அடி நீளம், நடுவில் தொப்பை விழுந்த இரும்புச் சுருட்டு மாதிரி இருந்தது. தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்க்கிற குழாய்கூட அதில் கிடையாது. வெளியே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கப்பலே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப முங்க வேண்டும். அதைச் செய்தவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் நீட்டிய வரைபடங்களைக் கடற்படைக்காரர்கள் வருடக்கணக்கில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சூசன் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அத்தனை ஆணி, அத்தனை மூட்டு. எங்கெங்கே தண்ணீர் நுழையப் பார்த்திருக்கும்!

"ஐவன், இதை நான் செய்யப் போறேன்."

"பொம்மையாவா?"

"ரிமோட்ல ஓடும். முங்கும், எந்திரிக்கும்."

"அக்கா, உன் வயசு ஆன்டிங்க எல்லாம் வீட்டுல பூந்தொட்டி வைக்கறாங்க லா."

"வைக்கட்டும். பூந்தொட்டிக்கு அடியில ஓட்டை போடணும். எனக்கு ஓட்டையே பிடிக்காது."

எட்டு மாதம் ஆயிற்று. அசலில் பதினாறில் ஒரு பங்கு என்று வைத்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒட்டுப்பலகையில் விலா எலும்புகள் அறுத்தாள். மேலே கண்ணாடி இழையை விரித்துப் பிசின் பூசினாள். நாற்றம் தாங்காமல் கீழ்வீட்டு இராஜம்மா மேலே ஏறிவந்து சண்டை போட்டார். சூசன் மன்னிப்புக் கேட்டாள், ஜன்னலை மாற்றித் திறந்தாள், வேலையை மட்டும் நிறுத்தவில்லை. கப்பலின் வெளி உடம்புக்குள் தண்ணீர் தாராளமாகப் புகலாம். உயிர் இருப்பது வயிற்றுக்குள் வைக்கிற ஒரு கண்ணாடிக் குழாயில்தான். பேட்டரி, மோட்டார், ரேடியோ எல்லாம் அதற்குள். ஒரு தடித்த ஊசிக்குழல் தண்ணீரை உறிஞ்சினால் கப்பல் இறங்கும், வெளியே தள்ளினால் ஏறும். சிக்னல் அறுந்துபோனால் ஊசிக்குழல் தானாகவே தண்ணீரைத் தள்ளிவிடும்படி ஓர் ஏற்பாடும் செய்தாள்.

இப்போதைய ரிமோட்டுகளின் அலை தண்ணீருக்குள் போன உடனே செத்துவிடும் என்பது அவளுக்குப் பாதி வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. நீள ஆன்டெனா வைத்த பழைய ரகத்தைத் தேடி அலைந்து, கடைசியில் பங்சாரில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் கண்டுபிடித்தாள்.

கண்ணாடிக் குழாயைச் சோதிக்கப் படிக்கட்டுத் திருப்பத்தில் நீலநிற டிரம் ஒன்றை வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். குழாய்க்குள் ஒரு டிஷ்யூ காகிதம். ஒரு நாள் முழுக்க மூழ்கவிட்டு, எடுத்துப் பார்ப்பாள். ஏழு முறை காகிதம் நனைந்து வந்தது. ஏழு முறையும், கப்பலைத் தள்ளுகிற விசிறியின் தண்டு குழாய்க்குள் நுழைகிற இடத்தைப் பிரித்து, மறுபடி கடைந்து, மறுபடி பூட்டினாள். எட்டாவது முறை காகிதம் மொறமொறவென்று வந்தது. அதை ஐவனின் காதருகே கசக்கிக் காட்டினாள்.

முழுக் கப்பலுக்கு டிரம் போதாது. கிள்ளானில் ஓர் ஏரிப் பூங்காவில் ஞாயிறு காலைகளில் ரிமோட் படகு விடுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சூசன் கப்பலையும் எடுத்துக்கொண்டு அந்தக் கிளப்பில் சேரப் போனாள். தலைவர் அடைக்கப்பன் கிள்ளானில் இரும்புக்கடை வைத்திருப்பவர். நிஜக் கப்பல் மாதிரியே சங்கு ஊதுகிற இழுவைப் படகு மாடல் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் சூசனின் கப்பலைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மேடம், இது போட் கிளப். முங்கறதை நாங்க போட்னு சொல்றதில்ல. ஆக்சிடென்ட்னு சொல்வோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூசன் கிளப் விதிகளைக் கேட்டு வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"தண்ணியில ஓடற மாடல்னுதான் போட்டிருக்கு. தண்ணிக்கு மேலன்னு எங்க இருக்கு? காட்டுங்கண்ணே."

அடைக்கப்பன் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"சரி, விடுங்க. காணாமப் போனா நாங்க தேட மாட்டோம்."

"தேடச் சொல்லி நான் கேக்கவே இல்லையே."

அடுத்த ஞாயிறு சூசன் சர்ச்சுக்குப் போகவில்லை. ஐவனின் லோரியில், காலிக் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே பழைய மெத்தையில் கப்பல் வந்து இறங்கியது. தண்ணீரில் விட்டதும் தொப்பையை வைத்துக்கொண்டு கொஞ்சம் ஆடியது, பிறகு நிதானித்தது. சூசன் ரிமோட்டின் நெம்புகோலைத் தள்ளினாள். மூக்குத் தாழ்ந்து, குட்டிக் கோபுரம் மட்டும் தெரிந்து, அதுவும் போயிற்று. கரையில் இருந்தவர்கள் விளிம்புக்கு வந்தார்கள். இருபது அடி தள்ளித் தலையைத் தூக்கியபோது யாரோ கைதட்டினார்கள்.

இரண்டாவது முறை முங்கியது எழவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. அடைக்கப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். "ஒரு குமிழிகூட வரல மேடம். முடிஞ்சுபோச்சு."

"குமிழி வந்தாத்தாண்ணே முடிஞ்சுபோச்சு. வரலன்னா காத்து உள்ளயே இருக்குன்னு அர்த்தம்."

ரிமோட்டை ஐவனிடம் கொடுத்தாள். கப்பல் முங்கிய இடத்துக்கு நேரே அக்கரையில் ஒரு விளக்குக் கம்பம் இருந்ததைக் குறித்து வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால்சட்டையோடு ஏரியில் இறங்கினாள்.

"காக்! தாக் போலே மாசோக்!" என்று இறங்கக் கூடாதென்று கத்தியபடி காவலாளி ஓடிவந்தார். "அக்கா, மேல வா லா! பாம்பு கீம்பு இருக்கும்!" என்று ஐவன் அலறினான். சூசன் திரும்பவில்லை. சேறு முழங்கால்வரை இழுத்தது. தண்ணீர் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்தது. பயம் இல்லாமல் இல்லை. அவளுக்கு நீந்தத் தெரியாது. ஆனால் கரையில் நின்று கையைப் பிசைகிற சூசனைப் பார்க்க அந்தக் கூட்டத்துக்கு அவள் வாய்ப்புக் கொடுப்பதாக இல்லை. காலால் துழாவித் துழாவி நடந்தாள். கால்விரலில் ஏதோ வலைபோலச் சிக்கியது. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக் குனிந்து இழுத்தாள்.

யாரோ வீசிவிட்டுப் போன பழைய மீன்வலை. அதற்குள் சிக்கிக் கிடந்தது கப்பல்.

கரைக்கு வந்ததும், ஒழுகுகிற உடையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லார் முன்னிலையிலும் கண்ணாடிக் குழாயைத் திறந்தாள். ஊசிக்குழல் கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது. கப்பல் மேலே வரத் தன்னால் ஆனதையெல்லாம் செய்திருக்கிறது, வலைதான் விடவில்லை. உள்ளே இருந்த டிஷ்யூவை எடுத்து அடைக்கப்பனிடம் நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க."

"பரவால்ல மேடம்."

"பரவால்லன்னா தொட்டுப் பாருங்கண்ணே. எல்லாரும் பாருங்க."

அவர் தொட்டார். காய்ந்த காகிதம். மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கித் தொட்டார்கள். காவலாளியும் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி இறங்கக் கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

அத்தோடு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. இரண்டு வாரத்தில் கிளப் கூட்டம் போட்டு, நீருக்கு மேலே எப்போதும் தெரிகிற படகுகள் மட்டும் என்று விதியைத் திருத்தியது. ஒன்பதுக்கு நாலு ஓட்டு. காரணம் பாதுகாப்பு. கடிதம் வீட்டுக்கு வந்தது. "பார்த்தியா, அப்பவே சொன்னேன்" என்றான் ஐவன். சூசன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு கடிதத்தின் அடியில் 'படித்தேன், ஒப்பவில்லை' என்று எழுதி, அதே உறையில் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் நகராண்மைக் கழக அலுவலகத்துக்கே போய் விசாரித்தாள். ஏரி பொதுமக்களுடையது. கிளப்புக்கு ஞாயிறு காலை நான்கு மணி நேரம் மட்டும்தான் அனுமதி. மற்ற நாளில் யார் வேண்டுமானாலும் படகு விடலாம். அதை எழுதி, முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று கேட்டு, வாங்காமல் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் போகிறாள். விசிறியைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போட்டுவிட்டாள், வலை சிக்காது. அவளுக்கு ஓட்டுப் போட்ட நால்வரும் வருகிறார்கள். அவர்களில் பரமேஸ்வரன் என்பவர் சொந்தமாக ஒரு நீர்மூழ்கி ஆரம்பித்திருக்கிறார். அவருடையது இன்னும் ஒழுகுகிறது. சூசன் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அடைக்கப்பன் நடைப்பயிற்சிச் சட்டையில் வந்து பக்கத்தில் நின்றார்.

"மெம்பர்ஷிப் இன்னும் இருக்கு மேடம். ஞாயித்துக்கிழமைக்கு வேற போட் ஏதாச்சும் கொண்டு வாங்களேன்."

"முங்காத போட் என்கிட்ட இல்லண்ணே" என்றாள் சூசன், நெம்புகோலை முன்னால் தள்ளியபடி.

தண்ணீர் மூடிக்கொண்டது. எந்தப் பக்கம் எழும் என்று அடைக்கப்பன் கையை நெற்றியில் வைத்துத் தேடினார்.