குழாய்க்கு முன் நான்கு நிமிடம்

பரமத்தி வேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, சேலத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருஷமாக மயக்க மருந்து டெக்னீஷியன் வேலை பார்க்கிறாள் கோகிலவாணி. ஊசிகளை நிரப்பி வைப்பாள். மூச்சுக்குழாய் போடும்போது தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் கருவியை டாக்டர் கையில் கொடுப்பாள். ஆப்பரேஷன் குறிப்பில் அவள் பெயர் எழுத இடம் கிடையாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய டாக்டர் ராகு காலத்தில் ஆப்பரேஷனைத் தொடங்க மாட்டார். ராகு காலம் பிறக்கும் முன் மூச்சுக்குழாயைப் போட்டுவிட்டால் தொடங்கியதாக அர்த்தம். மூளையைத் திறக்கப் படித்தவரின் மூளைக்குள் இது எப்படிப் புகுந்தது என்று கேட்க அங்கே ஆளில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மேசையில் படுத்திருந்தவர் எடப்பாடி விசைத்தறித் தொழிலாளி மருதாசலம். அவருடைய மூளை ரத்தக்குழாய் ஒன்று திராட்சை போல ஊதியிருந்தது. தொண்டையில் குழாய் நுழையும்போது ஆள் தூங்கினாலும் உடம்பு மிரளும். இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் குதிக்கும். அந்தக் குதிப்பில் திராட்சை வெடித்தால் ஆள் பிழைக்க மாட்டார்.

மானிட்டர் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது.

"ஏனுங்கண்ணா, காத்தால பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களே சாமி. பச்சத் தண்ணிகூடத் தொடலீங்க."

"மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணி குடிக்கலாம்னு யாரும் சொல்லலீங்களா?"

"எங்ககிட்ட யாருங்க நின்னு பேசறாங்க?"

மயக்க டாக்டர் ஷாஹிஸ்தா வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். மருந்து கொடுத்து அழுத்தத்தை மெல்ல இறக்கினார். மணி பத்து இருபத்தேழு ஆகிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம். உடம்பை மிரளவிடாமல் பிடித்து வைக்கும் ஃபென்டனில் என்ற ஊசியைப் போட்டார். அது முழுசாக வேலை செய்ய நாலு நிமிடம் ஆகும். அடுத்து மருதாசலத்தைத் தூங்க வைத்து, முகமூடி வழியே பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் கதவருகே வந்து நின்றார். "குழாயைப் போடும்மா. ஒரு நிமிஷம்தான் இருக்கு."

ஷாஹிஸ்தா கையை நீட்டினார். கோகிலவாணி கருவியைக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே கதவருகே இதே குரல் கேட்டது. அன்றைக்கு அவள் கொடுத்துவிட்டாள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஒருவர் அதன் பிறகு கண் திறக்கவேயில்லை. காரணம் நோயின் கடுமை என்று எழுதினார்கள்.

"மருந்து இன்னும் ஏறலைங்க மேடம்."

"கொடுன்னா கொடு! நீ டாக்டரா?"

"இல்லீங்க சார். ஆனா எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியுமுங்க."

ஷாஹிஸ்தா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மறுபடி பையை அமுக்கினார்.

பத்து முப்பத்தொன்றுக்குக் கருவி கைமாறியது. குழாய் நுழைந்தது. நூற்று இருபத்தெட்டில் இருந்த அழுத்தம் நூற்று முப்பத்தாறு வரை போய் அங்கேயே நின்றது.

தூங்க வைத்த ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பெரிய டாக்டர் வெளியே போய் மருதாசலத்தின் மனைவி சௌந்திரத்திடம், "பத்து இருபத்தேழுக்கே ஊசி போட்டாச்சு. நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சிருக்கோம்" என்றார். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் ஊசிதான் தொடக்கம். ராகு காலம் அதற்கு ஒன்றும் ஆட்சேபம் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மருதாசலம் நடந்தே ஊருக்குப் போனார். கீழ்ப்படியவில்லை என்று கோகிலவாணிக்கு மெமோ வந்தது. "நான்கு நிமிடம் ஆகவில்லை, அதனால் கொடுக்கவில்லை" என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஆப்பரேஷனைப் பற்றிய காகிதங்களில் அவள் பெயர் இருப்பது அது ஒன்றில்தான்.