மீசை எடுத்த அண்ணாச்சியும் பாக்கியிருந்த ஒரு சீனும்

வேலாயுதம் அண்ணாச்சி இன்று காலையில் போய்விட்டார்... ஹார்ட் அட்டாக்.

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் பந்தல், சேர், பாத்திரம், ஃப்ரீசர் பாக்ஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தாரே, அவர்தான். எங்கள் குறும்படங்களைப் பார்த்தவர்களுக்கு முகம் தெரிந்திருக்கும். எல்லாப் படத்திலும் இருப்பார். வேண்டாம் என்றாலும் இருப்பார்.

'நம்ம ஊரு படக்காரங்க' குரூப்பை ஆரம்பித்தது ஸ்கூல் டீச்சரான என் மனைவி செல்வி. கையில் ஒரு போன் இருந்தால் போதும், யாரும் சேரலாம். ஒரே ஒரு ரூல்தான்... இன்று டைரக்டராக இருப்பவர் நாளை அடுத்தவர் படத்துக்கு டீ வாங்கி வர வேண்டும்.

கூடுவதற்கு இடம் இல்லை. அண்ணாச்சி கடை மாடியைக் கேட்டோம்.

"மாடிய எடுத்துக்கோங்க, சேரும் தாரேன். ஆனா ஒவ்வொரு படத்துலயும் எனக்கு ஒரு வேஷம் உண்டும், சொல்லிட்டேன்."

பவர்லூம் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற எனக்கு லைட்டும் சவுண்டும். கல்யாண போட்டோகிராபர் சாகுல் கேமரா. பியூட்டி பார்லர் மகேஸ்வரி மேக்கப். அண்ணாச்சிக்கு ஒரு வேஷம்.

செல்வி கடைசியாக எடுத்தது ஒரு 1950 கதை. உயிரோடு இருக்கும்வரை வீட்டுக்குள் கரண்ட் விடமாட்டேன் என்கிற அப்பா. அவர் இறந்தபின் மகன் முதல் பல்பைப் போடுகிறான். மகன் வேஷம் அண்ணாச்சிக்கு.

அப்பாவுக்குக் காரியம் செய்த மகன்... மீசை இருக்கக் கூடாது.

அண்ணாச்சி மீசை ஊருக்கே தெரியும். ஒரு நாள் முழுக்கப் பேரம் நடந்தது.

"டீச்சரே, பாதி எடுத்தா போதாதா?"

"அண்ணாச்சி, பாதி அப்பாவா செத்துருக்காவ?"

எடுத்துவிட்டார்.

எங்கள் பக்கம் ஒருவர் திடீரென்று மீசையில்லாமல் பஜாருக்கு வந்தால் என்ன நினைப்பார்கள்? மூன்றாம் நாள் குருவிகுளத்துச் சொந்தக்காரர்கள் சாவு விழுந்துவிட்டதென்று ஒரு லோடு ஆட்டோவில் மாலையோடு துட்டி கேட்க வந்து இறங்கிவிட்டார்கள். வாசலில் முறுக்கு தின்றுகொண்டிருந்தது அண்ணாச்சியின் அம்மா.

"யாருக்குலே மாலை?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசியில் அந்த மாலையை அவருக்கே போட்டு, பிறந்தநாள் என்று சொல்லிச் சமாளித்தார்களாம்.

கடைசி சீன் மட்டும் பாக்கி இருந்தது. பல்ப் எரிகிற சீன். அதற்கு முந்தின வாரம் செல்விக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் நான் குரூப்பிலிருந்து வெளியேறினேன். ஹார்டு டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். லோடு இல்லாத மோட்டார் மாதிரி வேலைக்குப் போய் வந்தேன்... சத்தம் கூட வராது.

அண்ணாச்சி வாரம் தவறாமல் வருவார். டீ குடிப்பார். சேர் வாடகை, மழை, மருமகன் வாங்கிய பைக் என்று பேசுவார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் மீசை இல்லாமலே வருவார். மாதக்கணக்கில். புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு.

கடைசியில் நானே சொன்னேன். "அண்ணாச்சி, மீசைய வளத்துருங்க."

"சீன் பாக்கி இருக்குல்லாவே."

"யாரு டைரக்ட் பண்ணுவா?"

"அவ சொன்னதெல்லாம் எனக்கு ஞாவகம் இருக்கு. நீ லைட்ட மட்டும் போடு."

"வீட்டுல மதினி ஒண்ணும் சொல்லலையா?"

"கல்யாண வீட்டுக்குப் போனா பத்தடி தள்ளி நடக்கா. கேட்டா, யாரோ ஒரு ஆளு பின்னாலயே வாரான்னு சொல்லுதா."

செல்வி போனபிறகு நான் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

போன மாதம் அந்த சீனை எடுத்தோம். பல்பைப் பார்த்துச் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஸ்கிரிப்டில். பல்ப் எரிந்ததும் அண்ணாச்சி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

சாகுல் கேமராவை நிறுத்தினான். "அண்ணாச்சி, ஒரு பல்புக்கு இவ்வளவு அழுகை ஓவரு."

"பல்புக்கு யாருவே அழுதா?" என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரே டேக்கில் சும்மா நின்றார்.

எடுத்தோம், சரி. எடிட் பண்ண என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கிளிப்பின் ஆரம்பத்திலும் செல்வி குரல் இருக்கும். அண்ணாச்சி அப்புறமும் கேட்கவில்லை. மீசை வளர்க்கும் வேலையில் இருந்தார்.

இன்று போனேன். அவர் கடை ஃப்ரீசர் பாக்ஸிலேயே படுத்திருந்தார். மீசை பாதி வளர்ந்திருந்தது. முழு வெள்ளை.

டை அடிக்கிற மீசை என்பது அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

மகேஸ்வரியை மதினி கூப்பிட்டார். "ஏட்டி, இந்தக் கோலத்துல அவியள அனுப்பக் கூடாது. உன் பெட்டிய எடுத்துட்டு வா."

மகேஸ்வரி மீசைக்கு மை தீட்டப் பென்சில் எடுத்தாள். வெளிச்சம் போதவில்லை... நான் மொபைல் டார்ச்சைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து சாகுல், "லைட்டு கொஞ்சம் லெஃப்ட்ல" என்றான். சொன்னபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

மதினி மட்டும், "அவன் சொல்லுதது சரிதான். லெஃப்ட்ல பிடி" என்றார்.

பிடித்தேன்.

வெளியே வரும்போது கேட்டார். "அந்தப் படத்துல அவியளுக்கு மீசை இருக்காதுல்லா?"

"இருக்காது மதினி."

"இருக்கட்டும். முடிச்சு எனக்குக் காட்டு."

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து ஹார்டு டிஸ்க்கை எடுத்தேன். முதல் கிளிப் ஓடிக்கொண்டிருக்கிறது. சும்மா நிற்கச் சொன்ன இடத்தில் மூஞ்சியை ஏன் இப்படி ஆட்டுகிறீர்கள் என்று செல்வி திட்டுகிறாள். "சரி டீச்சரே... சரி டீச்சரே" என்று ஆட்டிக்கொண்டே சொல்கிறார்.

ஆட்டுங்க அண்ணாச்சி. நான் கட் பண்ணல.