கிரேசியின் கொடியில் காய்ந்த வாய்த்துணிகள்

ஐம்பத்தேழில் தீவுக்குக் கப்பலேறி வந்த காய்ச்சல் ஜங்லிகாட்டையும் விடவில்லை. அந்த மீன்காரர் குடியிருப்பில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சுகாதார ஆய்வாளர் ஜம்புலிங்கம் வந்து, வாயைத் துணியால் கட்டுங்கள், துணியைத் தினமும் கொதிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முக்கால்வாசிப் பேர் சீக்கிரமே மறந்தார்கள். கிரேசி மறக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சலிடம் பயமில்லை. பக்கத்து வீட்டுச் செலின்மேல் பொறாமை.

செலினின் கொடியில் வாய்த்துணிகள் கொக்குபோல வெளுத்துக் காயும். கிரேசியுடையவை செங்காவி. மர மில்லில் பொறுக்கிய படாக் குச்சியால் அவள் பானையைக் கிளற, அந்தச் செம்மரம் சாயத்தை இறக்கிவிட்டது.

"செலின் வீட்டுத் துணியப் பாரு, என்னமா வெளுத்திருக்கு!" என்றான் புருசன் இருதயநாதன். "இதக் கட்டிட்டுப் போனா, வெத்தல போட்டியாலேன்னு படகுல கேக்கானுவ."

"அப்ப அவகிட்டயே போய்க் கட்டிக்கிடும்!"

அன்றிலிருந்து கிரேசி இரண்டு வேளை துணி கொதிக்க வைத்தாள். செலின் குடிதண்ணீரையும் கொதிக்க வைத்தாள், கிரேசி விடுவாளா? சோப்புப் போட்டுக் கை கழுவுவதிலும் போட்டி. செலின் பார்த்துக்கொண்டிருந்தால் நுரை கூடுதல்.

சனிக்கிழமை வந்து பார்த்து, ஒழுங்கான வீட்டின் பேரை ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்வதாக ஜம்புலிங்கம் அறிவித்தார். கிரேசிக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் சனிக்கிழமைக்குள் செலின் காய்ச்சலில் விழுந்தாள். காய்ச்சலுக்கு நியாயம் தெரியாது.

வெறும் கொடியைப் பார்த்துக் கிரேசி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பானையை அடுப்பில் ஏற்றவே கை வரவில்லை.

"காய்ச்சல்லயும் செலின் வாயக் கட்டிட்டுத்தான் படுத்திருக்காளாம்," என்றான் இருதயநாதன்.

அது போதும். கஞ்சியைச் செலின் வாசலில் வைத்துவிட்டு, அவளுடைய அழுக்குத் துணிகளை அள்ளிவந்து தன்னுடையவற்றோடு சேர்த்துக் கொதிக்க வைத்தாள். கிளறியது அதே படாக் குச்சி. மறதியா, இல்லையா என்பதைப் பாவசங்கீர்த்தனத்திலும் அவள் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜம்புலிங்கம் வந்து அசந்து நின்றார். "பஹுத் அச்சா! ஒரே கொடியில இத்தனையா? உங்க பேரையே சொல்லிடறேம்மா."

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "சார், அதுல பாதி என்னுது! வெள்ளத் துணி எல்லாம் என்னுது!"

"வெள்ளையா ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஏட்டி கிரேசி! என்ன பண்ணித் தொலைச்ச?"

முனகக்கூட முடியாமல் கிடந்தவள் போட்ட அந்தக் கத்தலைக் கேட்டதும் கிரேசிக்கு உயிர் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குத் தன் பேர் மட்டும்தான்.

"பாதி அவளுதுதான் சார். ரெண்டு பேரையும் சொல்லுங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பேரு முன்னால வரணும்."